ஷால்கே 04: வராத பணத்தில் வாழ்ந்த அணி

2021 ஏப்ரல் 20ஆம் தேதி இரவு பீலஃபெல்ட் நகரில் 1-0 என்று தோற்றதோடு, ஜெர்மனியின் முதல் பிரிவான புண்டஸ்லிகாவில் ஷால்கே 04 அணியின் முப்பது ஆண்டுக்காலம் முடிவுக்கு வந்தது. இன்னும் நான்கு ஆட்டங்கள் மீதமிருந்தன. நான்கையும் வென்றாலும் இரண்டாம் பிரிவுக்கு இறங்குவதிலிருந்து தப்ப முடியாது. சீசன் முடிந்தபோது பட்டியலின் கடைசி வரி இப்படி இருந்தது: 34 ஆட்டங்கள், 3 வெற்றி, 7 சமன், 24 தோல்வி. அடித்த கோல் 25, வாங்கிய கோல் 86, புள்ளிகள் 16. ஏழு முறை ஜெர்மன் சாம்பியன் பட்டம் பெற்ற, ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட ஒரு கிளப்பின் கணக்கு இது.

அந்த அணியின் ரசிகன் நான். 2011 ஏப்ரலில், ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் காலிறுதியில் இன்டர் மிலானை அதன் சொந்த மைதானத்தில் ஷால்கே சந்தித்த இரவில் பிடித்த பற்று. இன்டர்தான் அப்போது நடப்புச் சாம்பியன். முதல் நிமிடத்திலேயே இன்டரின் ஸ்டான்கோவிச் நடுக்கோட்டுக்கு அருகிலிருந்து உதைத்த பந்து ஷால்கே வலைக்குள் விழுந்தது. வேறெந்த அணியும் அங்கேயே ஒடுங்கியிருக்கும். ஷால்கே 5-2 என்று வென்றது. ரவுல் ஒரு கோல் அடித்தார். முதலில் சமன் செய்த கோல் 19 வயது ஜோயல் மாடிப்புடையது. கிளப்பின் இளையோர் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த பையன். அவர் பெயர் இந்த ஆய்வில் மீண்டும் வரும். நல்ல காரணத்துக்காக அல்ல.

2011இல் ஐரோப்பாவின் முதல் நான்கு அணிகளுள் ஒன்றாக நின்ற கிளப், பத்தே ஆண்டுகளில் எப்படி இந்த நிலைக்கு வந்தது? பயிற்சியாளர் சரியில்லை, வீரர்களுக்கு மனமில்லை, கொரோனா வந்துவிட்டது என்று பல பதில்கள் சொல்லப்பட்டன. ஒவ்வொன்றிலும் சிறிது உண்மை உண்டு. ஆனால் வேர் வேறிடத்தில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்த கிளப் பல ஆண்டுகளாக, இன்னும் கைக்கு வராத பணத்தைக் கையில் இருப்பதாக எண்ணிச் செலவு செய்தது. 2020-21 அந்தக் கணக்கு தீர்க்கப்பட்ட ஆண்டு.

முப்பது ஆட்டங்கள்

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2020 ஜனவரி 17 அன்று டேவிட் வாக்னரின் பயிற்சியில் இருந்த ஷால்கே, மன்ஷென்கிளாட்பாக் அணியை 2-0 என்று வென்றது. 18 ஆட்டங்களில் 33 புள்ளிகள். பட்டியலில் ஐந்தாவது இடம். அன்று யாராவது இந்த அணி அடுத்த ஆண்டு இறங்கிவிடும் என்று சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அடுத்த வாரம் பேயர்ன் மியூனிக்கிடம் 0-5. அதன்பின் அந்த சீசனில் ஷால்கே ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லவில்லை. மீதமிருந்த 16 ஆட்டங்களில் ஆறு சமன், பத்து தோல்வி. கொரோனா இடைவெளிக்குப் பின் ஆளில்லாத மைதானத்தில் லீக் மீண்டும் தொடங்கிய நாளிலேயே, ஜென்ம எதிரியான டார்ட்மண்டிடம் 0-4. கடைசி நாளில் ஃப்ரைபுர்க்கிடமும் 0-4. ஜனவரிக்கு முன் சேர்த்த புள்ளிகளின் தயவில் 12ஆவது இடத்தில் சீசன் முடிந்தது.

பதினாறு ஆட்டங்களாக வெற்றியில்லாத பயிற்சியாளரோடு, ஏறக்குறைய அதே அணியோடு, புதிய சீசனுக்குள் நுழைந்தார்கள். புதிதாக வாங்கப் பணம் இல்லை. முதல் ஆட்டம் 2020 செப்டம்பர் 18, மியூனிக்கில். முடிவு 0-8.

அந்த எட்டு கோல்களைவிட எனக்கு வலித்தது எதிரணியின் பெயர்ப்பட்டியல். கோல் காத்தவர் மானுவல் நோயர். இரண்டாவது கோல் லியோன் கொரெட்ஸ்கா. ஏழாவது கோல் லெராய் சானே; அது பேயர்ன் சட்டையில் அவருக்கு முதல் ஆட்டம். மூவரும் ஷால்கேயின் நீலச் சட்டையில் பெயர் பெற்றவர்கள். முந்தைய சீசனில் ஷால்கேயின் அணித் தலைவராகவும் கோல்கீப்பராகவும் இருந்த அலெக்ஸாண்டர் நியூபெல்லும் அந்தக் கோடையில்தான் பேயர்னில் சேர்ந்திருந்தார். நம் வீட்டில் வளர்ந்தவர்கள் எதிர்வீட்டுச் சட்டையில் வந்து நம்மைத் தோற்கடித்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களை எந்த நிலையில் வெளியே விட்டோம் என்பதில்தான் கோபம். அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு வாரம் கழித்து வெர்டர் பிரேமனிடம் 1-3. வாக்னர் நீக்கப்பட்டார். மானுவல் பாம் வந்தார். டிசம்பர் 18 அன்று அவரும் நீக்கப்பட்டார். கிளப்பின் மூத்த பெயரான ஹூப் ஸ்டீவன்ஸ் இரண்டு ஆட்டங்களுக்கு மட்டும் பொறுப்பேற்றார். 1997இல் யூஈஎஃப்ஏ கோப்பையை இந்த அணிக்கு வென்று தந்தவர் அவர். அடுத்து கிறிஸ்டியான் கிராஸ். 2021 பிப்ரவரி 28 அன்று அவரோடு விளையாட்டு இயக்குநர் யோகென் ஷ்னைடரும் வெளியேற்றப்பட்டார். கடைசியாக டிமிட்ரியோஸ் கிரமோசிஸ். ஒரே சீசனில் ஐந்து பயிற்சியாளர்கள். ஐவரும் ஐந்து விதமான ஆட்டமுறையைக் கொண்டுவந்தார்கள். ஒரு முறை வீரர்களின் காலில் பழகுவதற்குள் அடுத்தவர் வந்துவிட்டார்.

இதற்கிடையே நவம்பரில் அமின் ஹாரித், நபீல் பென்தாலெப் இருவரும் அணியிலிருந்து தள்ளிவைக்கப்பட்டார்கள். கோடையில் வந்த வேதாத் இபிசெவிச்சின் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வதாக அறிவித்தார்கள். அதே வேகத்தில் தொழில்நுட்ப இயக்குநரும் விலகினார். குளிர்கால வீரர் மாற்றக் காலத்தில் கொலாசினாச், ஹன்டெலார், முஸ்தஃபி என்று பழகிய பெயர்களை அவசரமாகக் கூட்டிவந்தார்கள். ஹன்டெலார் ஷால்கேயின் பொற்காலக் கோல் வீரர், சந்தேகமில்லை. ஆனால் அப்போது அவருக்கு 37 வயது. பழைய நினைவுகளை நம்பி அணி கட்டுவது, ரசிகர்களான எங்களைச் சமாதானப்படுத்தச் செய்த காரியம் என்றே இன்றும் எண்ணுகிறேன்.

2021 ஜனவரி 2 அன்று பெர்லினில் ஹெர்தாவிடம் 0-3. தொடர்ந்து 30 லீக் ஆட்டங்களில் வெற்றியில்லை. 1965-66 சீசனில் டாஸ்மானியா பெர்லின் அணி 31 ஆட்டங்கள் வெல்லாமல் இருந்ததுதான் புண்டஸ்லிகாவின் மிக மோசமான சாதனை. அதைத் தொட ஓர் ஆட்டமே பாக்கி. ஜனவரி 9 அன்று ஹோஃபன்ஹைமுக்கு எதிராக மேத்யூ ஹாப்பி என்ற 19 வயது அமெரிக்கப் பையன் மூன்று கோல் அடித்தான். மூன்றுக்கும் பந்தைத் தந்தவர், தள்ளிவைக்கப்பட்டுப் பின் சேர்க்கப்பட்ட ஹாரித். நான்காவது கோலை அவரே அடித்தார். 4-0. அந்தச் சாதனை டாஸ்மானியாவிடமே தங்கியது.

அன்று மாலை நான் அழுதேன். கிட்டத்தட்ட ஓர் ஆண்டு காத்திருந்து வந்த வெற்றி அது. காலியான 62 ஆயிரம் இருக்கைகளுக்கு நடுவில் வீரர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். அவர்களோடு சேர்ந்து பாட அங்கே யாருமில்லை.

இலவசமாகப் போனவர்கள்

இனி காரணங்களுக்கு வருகிறேன். இங்கே நான் அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மைதானத்தில் நடந்தது எல்லாம் இதன் விளைவு.

கெல்சென்கிர்ஷென் பணக்கார ஊர் இல்லை. ரூர் நிலக்கரிப் பகுதியின் நடுவில் இருக்கும் ஊர். சுரங்கங்கள் மூடிய பிறகு ஜெர்மனியிலேயே வேலையின்மை மிகுந்த நகரங்களுள் ஒன்று. 1904இல் சுரங்கப் பகுதிச் சிறுவர்கள் தொடங்கிய கிளப் இது. இன்றும் வீரர்கள் மைதானத்துக்குள் வரும் வழி சுரங்கப் பாதையைப் போல அமைக்கப்பட்டிருக்கிறது. இப்படி ஓர் ஊரின் கிளப்புக்கு உண்மையான சொத்து ஒன்றுதான் உண்டு: இளையோர் பயிற்சிக்கூடம். 1996 முதல் பல ஆண்டுகள் நோர்பர்ட் எல்கெர்ட் அங்கே 19 வயதுக்குட்பட்டோர் அணியை வளர்த்தார். 2014இல் உலகக் கோப்பை வென்ற ஜெர்மன் அணியில் நோயர், ஓசில், ஹொவெடெஸ், டிராக்ஸ்லர் என்று நான்கு பேர் இந்தப் பயிற்சிக்கூடத்தின் வழியாக வந்தவர்கள். ஒரே கிளப்பின் இளையோர் அணியிலிருந்து நான்கு உலகச் சாம்பியன்கள்.

1995இல் ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய போஸ்மன் தீர்ப்புக்குப் பின் விதி எளிமையானது. ஒப்பந்தம் முடிந்த வீரர் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பழைய கிளப்புக்கு ஒரு காசும் கிடைக்காது. ஆகவே நல்ல இளம் வீரர் கையில் இருந்தால், ஒப்பந்தம் முடிய இரண்டு ஆண்டுகள் இருக்கும்போதே கிளப் முடிவெடுத்துவிட வேண்டும்: ஒப்பந்தத்தை நீட்டிக்க வேண்டும், இல்லையென்றால் விற்க வேண்டும். கால்பந்து நிர்வாகத்தின் பால பாடம் இது.

ஷால்கேயில் என்ன நடந்தது? 2016இல் மாடிப் லிவர்பூலுக்குப் போனார். தொகை ஒன்றுமில்லை. 2017இல் கொலாசினாச் ஆர்சனலுக்கு, தொகை இல்லை. 2018இல் கொரெட்ஸ்கா பேயர்னுக்கு. அதே கோடையில் மேக்ஸ் மேயர் கிரிஸ்டல் பேலஸுக்கு. இரண்டுக்கும் தொகை இல்லை. 2020இல் நியூபெல் பேயர்னுக்கு, அதுவும் இலவசம். ஐந்து ஆண்டுகளில் ஐந்து முதன்மை வீரர்கள். அதே காலத்தில் விலைக்கு விற்ற இருவரையும் பாருங்கள்: 2016இல் சானே மான்செஸ்டர் சிட்டிக்கு ஏறக்குறைய 5 கோடி யூரோ, 2018இல் தீலோ கெரர் பாரிசுக்கு ஏறக்குறைய 3.7 கோடி யூரோ. சரியான நேரத்தில் விற்றால் என்ன கிடைக்கும் என்பது நிர்வாகத்துக்குத் தெரியாத செய்தி அல்ல.

பிறகு ஏன் விற்கவில்லை? இங்கேதான் என் வாதத்தின் மையம் இருக்கிறது. கிளப்பின் செலவுத் திட்டம், ஒவ்வோர் ஆண்டும் ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெறுவோம் என்ற எதிர்பார்ப்பின்மேல் கட்டப்பட்டிருந்தது. சாம்பியன்ஸ் லீக் பணம் வந்தால்தான் வீரர்களின் சம்பளத்தையும் கடனின் வட்டியையும் கட்ட முடியும். தகுதி பெற வேண்டுமென்றால் சிறந்த வீரரை இந்த ஆண்டு விற்க முடியாது. ஆகவே இன்னும் ஓர் ஆண்டு வைத்திருப்போம், அதற்குள் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று காத்திருப்பார்கள். கையெழுத்து வராது. வீரர் இலவசமாகப் போவார். அந்த இடத்தை நிரப்பக் கடன் வாங்கி இன்னொருவரை வாங்குவார்கள். கடனை அடைக்க மறுபடியும் சாம்பியன்ஸ் லீக் வேண்டும். கதிர் வைப்பதற்கு முன்பே நெல்லுக்கு முன்பணம் வாங்கிச் செலவு செய்யும் விவசாயி, ஒரு போகம் பொய்த்தாலும் நிலத்தை இழந்துவிடுவான். ஷால்கேக்குப் பல போகங்கள் பொய்த்தன.

இந்தப் பழக்கம் நேற்று வந்ததும் அல்ல. 2001இல் புதிய மைதானம் திறக்கப்பட்ட காலத்தில் ரூடி அசாவர் மேலாளராக இருந்தார். அவரை நாங்கள் எல்லோரும் மதிக்கிறோம். ஆனால் வருங்கால டிக்கெட் வருமானத்தை ஈடாக வைத்துப் பெருங்கடன் வாங்கும் வழியும் அவருடைய காலத்தில்தான் திறந்தது. அதே 2001 மே 19 அன்று ஷால்கே தன் கடைசி ஆட்டத்தை 5-3 என்று முடித்துவிட்டுச் சாம்பியன் என்று கொண்டாடத் தொடங்கியது. ஹாம்புர்க்கில் கூடுதல் நேரத்தில் பேயர்ன் அடித்த கோல் சில நிமிடங்களில் அந்தப் பட்டத்தைப் பறித்துக்கொண்டது. 1958க்குப் பிறகு இன்றுவரை பட்டமில்லை. இன்னும் ஒரே ஓர் அடி எடுத்து வைத்தால் போதும் என்ற ஏக்கம் அந்த நாளிலிருந்து கிளப்பின் எலும்புக்குள் இறங்கிவிட்டது. அடுத்தடுத்து வந்த நிர்வாகங்கள் அந்த ஏக்கத்தை நியாயமாகக் காட்டியே கடன் வாங்கின. ரசிகர்களும் அதைக் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள்.

2007 முதல் ரஷ்ய எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோமின் பெயர் விளம்பரமாகச் சட்டையில் இருந்தது. பெரும் பணம். அந்தப் பணம் கடனைக் குறைக்கப் பயன்பட்டிருந்தால் கதையே வேறு. 2018இல் கிளப்பின் வருமானம் ஏறக்குறைய 35 கோடி யூரோ; அந்த ஆண்டு இலாபமும் இருந்தது. டொமெனிகோ டெடெஸ்கோவின் பயிற்சியில் லீக்கில் இரண்டாமிடம் பிடித்த காலம் அது. ஆனால் அந்த இரண்டாமிடத்தைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். சாம்பியன் பேயர்னுக்கு 84 புள்ளிகள், ஷால்கேக்கு 63. கெட்டியான தற்காப்பாலும், மற்ற அணிகள் தடுமாறிய ஓர் ஆண்டாலும் வந்த இடம். நிர்வாகம் அதைத் தன் இயல்பான இடம் என்று எடுத்துக்கொண்டது. அடுத்த சீசனில் 14ஆவது இடம், மான்செஸ்டரில் 0-7, டெடெஸ்கோ நீக்கம். ஐரோப்பா போனது, அதன் பணமும் போனது. சம்பளப் பட்டியல் மட்டும் அப்படியே இருந்தது.

2019இல் நட்டம். 2020 இறுதியில் கிளப்பின் கடன் 21.7 கோடி யூரோ.

அந்த ஜூன் மாதம்

கொரோனா இந்த வீழ்ச்சியை உண்டாக்கவில்லை. மறைத்துவைத்திருந்ததை வெளியே காட்டியது. 2020 வசந்தத்தில் ஆட்டங்கள் நின்ற சில வாரங்களுக்குள்ளேயே, கிளப்பின் இருப்புக்கே ஆபத்து வரலாம் என்று நிர்வாகம் பகிரங்கமாக எழுதியது. சில வாரங்கள் வருமானம் நின்றதைத் தாங்க முடியாத ஒரு பெரிய கிளப், அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளாக என்ன சேமித்தது?

ஜூன் மாதம் நடந்தவை எனக்கு 0-8ஐவிடக் கசப்பானவை. நடக்காத ஆட்டங்களுக்கு டிக்கெட் வாங்கியிருந்தவர்கள் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். உடனடியாகப் பணம் தேவைப்படுபவர்கள், ஏன் தேவைப்படுகிறது என்று காரணத்தை எழுதி, ஆதாரத்தோடு விண்ணப்பிக்க வேண்டும் என்று கிளப் சொன்னது. வேலை இழந்தவர்கள் நிறைந்த ஊரில், தன் சொந்தப் பணத்தைத் திரும்பப் பெற ஒருவர் தன் வறுமையை நிரூபிக்க வேண்டுமாம். எதிர்ப்பு எழுந்ததும் மன்னிப்புக் கேட்டார்கள். அதே வாரங்களில், இளையோர் அணிப் பிள்ளைகளைப் பயிற்சிக்கு ஏற்றிச் சென்ற சிறு சம்பள ஓட்டுநர்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அந்தச் சம்பளங்களை எல்லாம் கூட்டினாலும் முதல் அணியின் ஒரு மாற்றாட்டக்காரரின் சம்பளத்துக்கு ஈடாகுமா?

மேற்பார்வைக் குழுத் தலைவராக இருந்த இறைச்சித் தொழிலதிபர் கிளெமன்ஸ் டோனிஸ், முந்தைய ஆண்டு ஆகஸ்டில் ஆப்பிரிக்கர்களைப் பற்றி இழிவாகப் பேசியிருந்தார். மன்னிப்புக் கேட்டு மூன்று மாதம் பதவியிலிருந்து ஒதுங்கியிருந்து, பிறகு திரும்பி வந்தார். கறுப்பின வீரர்கள் ஆடும், வெளியூர்த் தொழிலாளர்களின் வியர்வையில் வளர்ந்த ஒரு கிளப்புக்கு அந்த மூன்று மாதம் போதுமானதாகப் பட்டது. பிறகு 2020 ஜூனில் அவருடைய இறைச்சி ஆலையில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குக் கொரோனா தொற்றியது. சீசனின் கடைசி நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் மைதானத்தைச் சுற்றி மனிதச் சங்கிலியாக நின்றார்கள். ‘ஷால்கே இறைச்சிக்கூடம் அல்ல’ என்று எழுதிய பதாகையைப் பிடித்தார்கள். மூன்றே நாளில் டோனிஸ் பதவி விலகினார்.

அந்த மனிதச் சங்கிலியை நினைத்து இன்றும் பெருமைப்படுகிறேன். பேயர்ன், டார்ட்மண்ட் போன்ற கிளப்புகள் தங்கள் தொழில்முறை அணியை நிறுவனமாக்கிவிட்டன. ஷால்கே இன்னும் உறுப்பினர்களின் சங்கமாகவே இருக்கிறது. ஒருவருக்கு ஒரு வாக்கு. இந்த உரிமைதான் டோனிஸின் விலகலுக்குப் பின்னால் இருந்த உண்மையான பலம். இதே உரிமை அதற்கு முந்தைய ஆண்டுகளிலும் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மேற்பார்வைக் குழுவின் கண்முன்னேதான் அந்தக் கடன்களும் வளர்ந்தன.

ஒரே ஒரு மனிதர்மேல் பழிபோட முடியுமா?

இங்கே எனக்கு எதிராக வைக்கப்படும் வாதத்தைப் பார்க்க வேண்டும். இது பணக் கதை இல்லை, ஆட்களைத் தேர்ந்தெடுத்தவர்களின் திறமையின்மை என்று சொல்பவர்கள், 2016 முதல் 2019 வரை விளையாட்டு இயக்குநராக இருந்த கிறிஸ்டியான் ஹைடலைச் சுட்டுவார்கள். கொரெட்ஸ்கா, மேயர் இருவரும் இலவசமாகப் போனது அவர் காலத்தில். பேயர்னிலிருந்து செபாஸ்டியன் ரூடியை ஏறக்குறைய 1.6 கோடி யூரோ கொடுத்து வாங்கியதும் அவரே. ரூடி ஓராண்டில் கடனாக வேறு கிளப்புக்குப் போனார். குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அதே 2020-21 சீசனின் இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். பாதி சீசன் முடிந்தபோது ஷால்கேக்கு 7 புள்ளிகள். மைன்ஸ் அணிக்கும் அதே 7 புள்ளிகள். டிசம்பர் இறுதியில் மைன்ஸ் தன் பழைய மனிதரைத் திரும்ப அழைத்தது. அவர் வேறு யாருமல்ல, இதே ஹைடல். ஜனவரியில் போ ஸ்வென்சன் பயிற்சியாளரானார். மைன்ஸில் முன்பு ஆடியவர், அங்கே இளையோரைப் பயிற்றுவித்தவர். மீதிப் பாதியில் மைன்ஸ் 32 புள்ளிகள் சேர்த்து 12ஆவது இடத்தில் முடித்தது. அதே பாதியில் ஷால்கே சேர்த்தது 9.

ஒரே மனிதர். ஷால்கேயில் தோற்றார், மைன்ஸில் வென்றார். மைன்ஸ் தன்னைச் சிறிய கிளப் என்று அறிந்து, அதற்கேற்பச் செலவு செய்யும் இடம். அங்கே பன்னிரண்டாவது இடம் கொண்டாட்டம். ஷால்கேயில் பன்னிரண்டாவது இடம் என்றால் அடுத்த ஆண்டுச் சம்பளத்துக்கு வழியில்லை. ஹைடல் மாறவில்லை, அவர் நின்ற தரை மாறியது.

ஃப்ரைபுர்க்கையும் சொல்லலாம். 2015இல் அந்த அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. பயிற்சியாளர் கிறிஸ்டியான் ஸ்ட்ரைக்கை அவர்கள் நீக்கவில்லை. அடுத்த ஆண்டே முதலிடம் பெற்றுத் திரும்பினார்கள். அவர் 2024 வரை அங்கே இருந்தார். ஒரு தோல்வியைத் தாங்கிக்கொள்ளும் அளவுக்குக் கணக்கு சீராக இருந்ததால்தான் ஒரு மனிதரை நம்பும் பொறுமையும் அவர்களுக்கு வாய்த்தது. ஐந்து பயிற்சியாளரை மாற்றிய ஷால்கேக்குப் பொறுமை இல்லை என்று எழுதுவது எளிது. தரமிறங்கினால் திவாலாகலாம் என்ற பயத்தில் இருக்கும் நிர்வாகத்துக்குப் பொறுமை எங்கிருந்து வரும்?

முட்டை வீசிய இரவு

பீலஃபெல்டிலிருந்து அணியின் பஸ் நள்ளிரவு தாண்டி ஊர் திரும்பியபோது, மைதான வாசலில் சில நூறு பேர் காத்திருந்தார்கள். முட்டைகள் வீசப்பட்டன. பிறகு கூட்டத்தில் சிலர் வீரர்களைத் துரத்தினார்கள். வீரர்கள் உயிர்ப்பயத்தில் ஓடினார்கள். போலீஸ் தலையிட வேண்டியிருந்தது.

நான் இதை எந்த வகையிலும் ஏற்கவில்லை. அந்த அணியில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் இருந்தார்கள். பயிற்சிக்கூடத்திலிருந்து அவசரமாக மேலே இழுக்கப்பட்டவர்கள். கோல்கீப்பர் ரால்ஃப் ஃபேர்மனைப் போல் கிளப்பிலேயே வாழ்க்கையைக் கழித்தவர்களும் இருந்தார்கள். ஆட்டத்தில் தோற்றவனை அடிக்கப் போவது ரசிகன் செயல் அல்ல, கோழையின் செயல். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த இரவில் துரத்தப்பட்டவர்கள், கடன் பத்திரங்களில் கையெழுத்துப் போட்டவர்கள் அல்லர். கையெழுத்துப் போட்டவர்கள் பலரும் அதற்குள் பதவியை விட்டுப் போயிருந்தார்கள். இருபத்தேழு ஆண்டுகள் நிர்வாகத்தில் இருந்த நிதிப் பொறுப்பாளர் பேட்டர் பேட்டர்ஸ் 2020 கோடையிலேயே வெளியேறிவிட்டார்.

அந்த இரவின் வெறிக்குப் பின்னால் இருந்த இன்னொரு காரணமும் பேசப்பட வேண்டும். பதின்மூன்று மாதங்களாக அந்த மக்கள் தங்கள் மைதானத்துக்குள் போகவில்லை. வாரந்தோறும் ஒரு தோல்வி, தொலைக்காட்சியில். நிற்கும் மேடையில் பக்கத்தில் நிற்பவனோடு சேர்ந்து திட்டி, பாடி, புலம்பி ஆற்றிக்கொள்ளும் வழி அடைபட்டிருந்தது. தீவிர ரசிகர்கள் நிற்கும் வடக்கு மேடை நிரம்பியிருந்தால் ஷால்கே தப்பியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் பத்து ஆட்டங்களுக்குள்ளேயே நிர்வாகத்தின் காதில் அந்தக் கோபம் விழுந்திருக்கும்.

ஏறினார்கள், மறுபடி இறங்கினார்கள்

இரண்டாம் பிரிவில் முதல் ஆண்டு நம்பிக்கை தந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த நாளே சட்டையிலிருந்து காஸ்ப்ரோம் பெயரை எடுத்தார்கள். சில நாளில் ஒப்பந்தத்தையும் முறித்தார்கள். பெரும் வருமானத்தை இழந்தும் செய்தார்கள்; மெச்ச வேண்டிய செயல். மார்ச்சில் கிரமோசிஸ் நீக்கப்பட்டு, பழைய வீரர் மைக் பூஸ்கென்ஸ் பொறுப்பேற்றார். மே 7 அன்று சங்க்ட் பாவ்லிக்கு எதிராக 0-2 என்று பின்தங்கி 3-2 என்று வென்று முதல் பிரிவுக்குத் திரும்பினார்கள். சைமன் டெரோடே அந்த சீசனில் 30 கோல் அடித்தார்.

அடுத்த ஆண்டே 17ஆவது இடம், 31 புள்ளிகள், மறுபடி இறக்கம். இந்த முறை முட்டையில்லை. வீரர்கள் இரண்டாம் பாதியில் போராடியதை எல்லோரும் பார்த்தார்கள். அதன்பின் இரண்டாம் பிரிவிலேயே 10ஆவது இடம், பிறகு 2024-25இல் 14ஆவது இடம். அப்போது மூன்றாம் பிரிவு கண்ணில் படும் தூரத்துக்கு வந்திருந்தது. பயிற்சியாளர்கள் வந்து போனார்கள். அந்தப் பெயர்களை வரிசைப்படுத்த எனக்கு மனமில்லை.

இவ்வளவுக்கும் நடுவில், இரண்டாம் பிரிவு ஆட்டங்களுக்கும் அறுபதாயிரம் பேர் வந்தார்கள். ஐரோப்பாவில் முதல் பிரிவில் ஆடும் பல அணிகளுக்கு இந்தக் கூட்டம் கிடையாது. இதை நிர்வாகத்தினர் பேட்டிகளில் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அந்த அறுபதாயிரம் பேர் நிர்வாகத்தின் சாதனை அல்லர். நிர்வாகம் செய்த எல்லாவற்றையும் தாண்டி வருகிறவர்கள்.

2025 தொடக்கத்தில் கிளப் ஒரு கூட்டுறவு அமைப்பைத் தொடங்கியது. ஒரு பங்கு 250 யூரோ. ரசிகர்கள் பங்கு வாங்கினால், அந்தப் பணத்தில் கூட்டுறவு அமைப்பு மைதான நிறுவனத்தின் பங்குகளை வாங்கும். கிளப் தன் கடனைக் குறைக்கும். ஒரு ஷேக்கிடமோ அமெரிக்க நிதியத்திடமோ கிளப்பை விற்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். மைதானம் அதில் நிற்பவர்களுக்கே சொந்தமாகட்டும். நான் இதை முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

ஆனால் நிபந்தனை இல்லாமல் அல்ல. சீசன் டிக்கெட்டுக்கும், உறுப்பினர் கட்டணத்துக்கும், கொரோனா காலத்தில் திரும்பக் கேட்காமல் விட்டுக்கொடுத்த தொகைக்கும் பிறகு, நான்காவது முறையாக அதே மக்களிடம் கை நீட்டப்படுகிறது. கொடுப்பவர்களுக்கு ஒரு கேள்வி கேட்க உரிமை உண்டு: அடுத்த ஆண்டுச் செலவுத் திட்டம் பட்டியலில் எந்த இடத்தை எதிர்பார்த்துப் போடப்பட்டிருக்கிறது? அந்த எண்ணை ஒவ்வோர் ஆண்டும் உறுப்பினர் கூட்டத்தில், கணக்கு வாசிக்கும் முன்பே, நிர்வாகம் வாய்திறந்து சொல்ல வேண்டும். முந்தைய மூன்று சீசன்களில் அணி உண்மையில் முடித்த இடத்தைவிட அது மேலே இருந்தால், அந்தத் திட்டத்துக்கு யாரும் கைதூக்கக் கூடாது. கொரெட்ஸ்காவின் வயதில் இன்று அந்தப் பயிற்சிக்கூடத்தில் ஒரு பையன் இருப்பான். அவனுடைய ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது என்பதையும் அதே கூட்டத்தில் கேளுங்கள்.